தொழிற்கூடத்தில் தன்மானம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘கல்வியும் வேலைவாய்ப்பும்’ என்பதாகும். செயலாளர் அவர்களின் அனுமதியோடு அதனைச் சற்று மாற்றிக்கொண்டேன். வேலை பெறுவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் இருக்கின்றனர். வேலை கிடைத்த பிறகு அங்கே நடப்பது யாது, எதனைப் பொறுப்பது, எதனைப் பொறுக்கக்கூடாது என்று சொல்லித்தருவோர் மிகச் சிலரே. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் மாலை வகுப்பில் பயின்ற பிள்ளைகள் பலர் ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் பொறியியற் கல்லூரிக்கும் சென்று, இன்று ஆலைகளில் பணியாற்றுகின்றனர். அது நமக்குப் பெருமை. ஆனால் அப்பிள்ளைகளில் சிலர், வேலையில் சேர்ந்த ஆறாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ, ஒரு நாள் மாலை பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். “ஏன் வந்துவிட்டாய்?” என்று தகப்பனார் கேட்டால், “பிடிக்கவில்லை” என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நான் ஓசூருக்கு வந்தது 1984ஆம் ஆண்டில். அப்போது கிருட்டிணகிரி தனி மாவட்டம் அன்று. தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. நமக்கென்று மாவட்டம் அமைந்தது 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான். சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அசோக் லேலண்ட் ஆலை 1980இல் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட் வந்தது. பின்னர் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. நான் அப்பெரிய ஆலைகளில் சேரவில்லை. சிறிய பட்டறை ஒன்றில் டர்னராகச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டா. மூக்கண்டப்பள்ளியில் ஓர் ஓட்டு வீட்டு அறையில் நாங்கள் ஐவர் தங்கினோம். இரண்டு பேர் இரவு ஷிப்டுக்குப் போனால்தான் மற்ற மூவரும் கால் நீட்டிப் படுக்க முடியும்.

இன்று காட்சி மாறியிருக்கிறது. சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரையிலும் ஆலைகள் பரவிவிட்டன. நம் பெண்மக்கள் ஆயிரக்கணக்கில் கைப்பேசி உதிரிபாகமும் மின்சார ஸ்கூட்டரும் செய்கின்றனர். விடியற்காலையில் ஜூஜூவாடி எல்லையைக் கடந்து அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவிற்கும் போகின்றவர்கள் எத்தனையோ பேர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது இந்தியும் ஒடியாவும் என்று ஒரே கூரையின்கீழ் பல மொழிகள் ஒலிக்கின்றன. வசவு மட்டும் எந்த மொழியில் வந்தாலும் நமக்கு உடனே புரிந்துவிடுகிறது!

ஊரிலே சாதி என்பது தெருவாக, சுடுகாடாக, கோயில் வாசலாகக் கண்முன்னே நிற்கும். ஆலையிலே அது அப்படி நிற்பதில்லை. சீருடை எல்லாருக்கும் ஒன்று. கேண்டீன் தட்டும் ஒன்று. ஆகவே இங்கே சாதி கேள்வியாக வருகிறது. “எந்த ஊர், தம்பி?” என்பது முதற் கேள்வி. “ஊரில் எந்தப் பக்கம்?” என்பது இரண்டாவது. “உங்கள் குலதெய்வம் எது?” என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு விடை வருமுன்னரே கேட்டவர் முகம் மாறத் தொடங்கிவிடும். அறை தேடும்போது வீட்டுக்காரரும் இதே மூன்றைத்தான் கேட்பார். அதற்குப் பிறகு, நேற்று வரை ‘நல்ல கைத்திறன்’ என்று சொன்ன மேற்பார்வையாளர் இன்று நம் வேலையில் குறை காண்கிறார். ஓவர்டைம் பட்டியலில் நம் பெயர் இல்லை. கழிவு எண்ணெய் துடைக்கும் வேலைக்கு மட்டும் நம் பெயர் முதலில் வருகிறது. “இவர்கள் கோட்டாவில் வந்தவர்கள்” என்று ஒரு சிரிப்பு வேறு! தனியார் ஆலையில் இடஒதுக்கீடே கிடையாது. இல்லாத கோட்டாவில் எவ்வாறு வர முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் என் பேச்சு ஒருபக்கச் சாய்வாகிவிடும். கண்டிப்பான அதிகாரி வேறு, கொடிய அதிகாரி வேறு. என் முதல் ஃபோர்மேன் நான் கடைந்த பதினொரு துண்டுகளை ஒரே நாளில் குப்பைத் தொட்டியில் எறிந்தார். அன்றிரவு நான் அழுதேன். மறுநாள் அவரே என் பக்கத்தில் நின்று வெர்னியர் அளவுகோலைக் கண்ணுக்கு நேரே பிடிக்கும் முறையைக் காட்டினார். அவர் என் துண்டைப் பழித்தார், என்னைப் பழிக்கவில்லை. நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் அந்தத் துண்டு வண்டியில் பொருந்தாது என்பது அவர் கவலை. நேரத்திற்கு வா, அளவு தவறாதே, பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்துகொள் என்பவரை எல்லாம் பகைவராகக் கருதினால் நாம் தொழில் கற்க மாட்டோம். வேலையைத் திருத்துகின்றாரா, ஆளைச் சிறுமைப்படுத்துகின்றாரா என்பதே உரைகல். அதே தவற்றுக்குப் பக்கத்து எந்திரக்காரருக்கு ஒரு சொல்லும் நமக்கு வேறொரு சொல்லும் வருமானால், அங்கே பேசப்படுவது தவற்றைப் பற்றியன்று.

இனி, நான் இம்மேடையில் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

1987ஆம் ஆண்டு. எனக்கு அடுத்த லேத்தில் தளிப் பக்கத்து நண்பர் ஒருவர் வேலை செய்தார். நம்மவர்தாம். என்னைவிடத் திறமைசாலி, வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும் அவருக்கு. புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர், துண்டு ஒன்று தள்ளுபடியானதைச் சாக்காக வைத்து, பட்டறை நடுவில் நின்றுகொண்டு, “உங்கள் ஆட்களுக்கெல்லாம் மண்வெட்டிதான் சரி; எந்திரத்தை யார் கையில் கொடுத்தது?” என்றார். அதோடு நில்லாமல் சாதிப் பெயரையும் சொன்னார். அச்சொல்லை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. நண்பர் கை ஓங்கவில்லை. அன்று மாலையே ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதி அலுவலகத்தில் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது எளிய செயல் அன்று.

பத்து நாள் கழித்து விசாரணை என்றார்கள். அருகில் இருந்தவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். எனக்கு அப்போது பணி நிரந்தரமாகவில்லை. ஊரில் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, “நீ ஏதாவது கேட்டாயா?” என்றார். நான், “எந்திர ஓசையில் ஒன்றும் கேட்கவில்லை, ஐயா” என்றேன்.

புகார் ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று முடிந்தது. மூன்று மாதத்தில் நண்பர் வேலையை விட்டார். எனக்குப் பணி நிரந்தரமாயிற்று. தங்கையின் திருமணமும் நடந்தது. அத்திருமணத்திற்கு அவரும் வந்திருந்தார். மொய் எழுதினார். என்னைப் பார்த்து, “நீ என்ன செய்ய முடியும்? உனக்கும் குடும்பம் இருக்கிறது” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இவ்வளவு ஆண்டு இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

இக்கதையை நான் சொல்வது இரக்கம் தேடி அன்று. பணியிடத்தில் நம்மை வீழ்த்துவது கொடிய அதிகாரியின் நா மட்டும் அன்று. அருகில் நின்றவரின் மௌனமும் சேர்ந்தே வீழ்த்துகிறது என்பதை நான் மறுபக்கத்திலிருந்து அறிந்தவன். அம்மௌனம் எவ்வளவு விலையுடையது என்பதைச் சட்டமும் பின்னர் எனக்குக் கற்பித்தது.

1989ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1990 சனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 2015இல் அது திருத்தி வலுவாக்கப்பட்டது. சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும், சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் குற்றம் என்று அது கூறுகிறது. ஆனால் அங்கே ஒரு சொற்றொடர் உண்டு: ‘பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்’. இச்சொற்றொடரில்தான் வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன. 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், வீட்டு வாயிலில் காரின் அருகே நின்ற ஓட்டுநர் ஒருவரை இழித்ததைப் பொதுப் பார்வைக்குட்பட்டதாகவே கொண்டது. தனியார் இடமாயினும், உறவினரும் நண்பரும் மட்டுமன்றி வெளியார் இருந்து கண்டால் அது பொதுப் பார்வையே என்றும் விளக்கியது. 2020இல் இதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள் வெளியார் எவரும் இல்லாதபோது சொன்ன சொல் அவ்விதிக்குள் வராது என்றது. 2025 சனவரி 31 அன்று நம் தமிழ்நாட்டு வழக்கிலேயே அது மீண்டும் உறுதியாயிற்று. இலால்குடியில் ஓர் அரசு அலுவலகத்திற்கு வந்த ஒருவர் தம்மைச் சாதி சொல்லி இழித்தார் என்று அங்கிருந்த அலுவலர் புகார் செய்தார். உடன் பணிபுரிவோர் வந்து சேர்ந்தது அதற்குப் பின்னரே. அறைக்குள் நடந்தது பொதுப் பார்வையில் நடந்ததாகாது என்று வழக்குத் தள்ளப்பட்டது.

இத்தீர்ப்புகளை நான் ஒப்புகிறேனா என்பது வேறு. பூட்டிய அறைக்குள் பட்ட இழிவு இழிவாகாமற் போய்விடுமா? என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் சட்டம் இன்று நிற்கும் இடம் இது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, சாட்சி இல்லாவிடில் வழக்கு இல்லை என்பதாகும். அதிலும் நம் உறவினரும் நம் தெருக்காரரும் மட்டும் சாட்சியானால் போதாமற் போகலாம். பக்கத்து எந்திரத்தில் நிற்கும் தெலுங்குக்காரர், பீகாரிலிருந்து வந்த காண்ட்ராக்ட் பையன், கேண்டீனில் சாம்பார் ஊற்றும் அம்மா ஆகியோரும் நம் துணையாக வேண்டும். அவர்களுக்கு ஒரு துன்பம் வந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்ததே அது. காண்ட்ராக்டர் ஒரு பீகார்ப் பையனை அறைவதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தவனுக்கு, நாளை அந்தப் பையன் வந்து சாட்சி சொல்வானா?

அதிகாரி தம் அறைக்குத் தனியே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஏசுபவராயின், “ஐயா, ஷிப்டு இன்சார்ஜையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பணிவு நமக்கு இழுக்கன்று.

அடுத்தது எழுத்து. நம் கழகம் எழுத்தறிவு கொடுக்கத் தோன்றியது. அவ்வெழுத்தை வங்கிப் படிவம் நிரப்ப மட்டுமா கற்றோம்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நடந்ததை அன்றிரவே எழுதுங்கள். நாள், நேரம், எந்த ஷிப்டு, எந்த எந்திரம், என்ன சொல் என்பனவற்றை அவர் சொன்னபடியே, பல்லைக் கடித்துக்கொண்டாவது எழுதுங்கள். ‘கேவலமாகப் பேசினார்’ என்று எழுதினால் பயனில்லை. யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் கோபம் கூடியிருக்கும். ஒரு வாரம் கழித்து எழுதினால் நினைவு குறைந்திருக்கும். புகாரைக் கையில் கொடுத்தால், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நோட்டு வீட்டில் இருக்கட்டும், ஆலை லாக்கரில் வேண்டா. ஆலை கொடுத்த மின்னஞ்சலில் மட்டும் எல்லாவற்றையும் வைத்திருந்தவர்கள், வேலை போன அன்று அந்த அஞ்சலும் போய்விட்டதைக் கண்டிருக்கின்றனர்.

உங்கள் முதலாளி யார் என்பதையும் எழுதி வையுங்கள். இது வேடிக்கையான அறிவுரையாகத் தோன்றும். ஆனால் காண்ட்ராக்ட் முறையில் சேர்ந்த பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஆலையின் பெயரைச் சொல்வார்கள். சம்பளச் சீட்டிலோ வேறொரு பெயர் இருக்கும். காண்ட்ராக்டர் பெயர், வருங்கால வைப்புநிதி எண், ஈ.எஸ்.ஐ. எண் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த அதிகாரியிடம் போனாலும் அவர் கேட்கும் முதற் கேள்வியிலேயே நாம் விழித்து நிற்போம். பணிநியமனக் கடிதம் கேளுங்கள். இப்போது அதைக் கொடுப்பது கட்டாயம். எழுதாத தாளில் கையொப்பமிடாதீர்கள். ‘தானே விலகுகிறேன்’ என்ற தாளை நீட்டினால், ‘வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று சொல்ல நாணாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றால் தொழிலாளிக்கு நலமா தீங்கா என்று தொழிற்சங்கங்கள் கடுமையாக வாதிடுகின்றன. அவ்வாதம் வேறு மேடைக்கு உரியது. நமக்கு உடனே பயன்படுவதை மட்டும் சொல்கிறேன். இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் அமர வேண்டும். ஓராண்டுக்குள் முறையிடலாம்; முப்பது நாளில் முடிக்க வேண்டும். வேலையிலிருந்து நீங்கினாலும் நீக்கினாலும், வரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும். மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்னும் பழைய விதி இன்றும் உள்ளது. அரசு ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது, அதற்குத் தொழிலாளர் துறை என்று பெயர் என்பதை நம் பிள்ளைகள் பலர் அறியாமலே இருக்கின்றனர்.

எல்லை கடந்து வேலைக்குப் போகின்றவர்களுக்கு ஒரு சொல். அத்திப்பள்ளியில் நடந்தது கருநாடகத்துக் காவல் நிலையத்தின் எல்லையில் நடந்ததாகும். ஆயினும் குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். அவர்களே உரிய நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதனை எழுத்தாகவே சொல்கிறது. ‘அந்த மாநிலத்துக்குப் போ’ என்று திருப்பியனுப்பினால் இதனைச் சொல்லுங்கள். வன்கொடுமை குறித்த தேசிய உதவித் தொலைபேசி எண் 14566.

தங்கைமார்களுக்குத் தனியே சொல்ல வேண்டியது உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத பணியிடம் ஒவ்வொன்றிலும் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். மூன்று மாதத்திற்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டலாம். காண்ட்ராக்ட் தொழிலாளியும், பயிற்சியாளரும் அதில் அடங்குவர். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலோ, புகார் முதலாளி மீதே ஆனாலோ, மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். உங்கள் ஆலையில் அக்குழுவினர் பெயர்ப் பலகை எங்கே தொங்குகிறது என்று நாளைக்கே பாருங்கள். கேண்டீன் வாசலில் இருந்தால் நல்லது. மேலாளர் அறைக்குள் இருந்தால், அது யார் படிக்கத் தொங்குகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இருப்பது போதுமா என்றால், போதாது. திண்டுக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021 சனவரியில், அங்கே நாச்சி அப்பேரல் என்னும் ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை செய்த, இருபது வயதளவேயான நம் சமூகப் பெண் ஒருவர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அவ்வாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பல மாதங்களாகவே அவர் தொல்லை கொடுத்து வந்தார் என்று உடன் வேலை செய்தோரும் குடும்பத்தாரும் கூறினர். பல மாதங்கள்! அவ்வளவு நாளும் பார்த்தவர்கள் இருந்தார்கள், கேட்டவர்கள் இருந்தார்கள். எங்கே சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்ற அச்சமே எல்லார் வாயையும் கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நம் மக்கள் அறிந்திருக்க வேண்டியது. பெண்களே தலைமை தாங்கும், பெரும்பான்மையும் தலித் பெண்களே உறுப்பினராயுள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்னும் சங்கம் விடாமல் நின்றது. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகள் துணை வந்தன. 2022 ஏப்ரலில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்னும் தாய் நிறுவனத்தோடும், அதனிடம் ஆடை வாங்கும் எச் அண்டு எம் நிறுவனத்தோடும் உடன்படிக்கை ஏற்பட்டது. கேப், பி.வி.எச். ஆகியவையும் பின்னர் இணைந்தன. அதனைத் திண்டுக்கல் உடன்படிக்கை என்கின்றனர். பாலியல் கொடுமையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடுத்தது அது. புகார் செய்தவரைப் பழிவாங்கலாகாது என்றது. எல்லாவற்றிலும் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது ஒன்று: தையல் வரிசைகளில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி தந்து, தொழிற்கூடத்தைக் கண்காணிப்போராக அமர்த்தினார்கள். அதாவது, அருகில் நிற்பவருக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். ‘நான் பார்த்தேன்’ என்று சொல்வது இனி ஒருத்தியின் தனித் துணிச்சல் அன்று; அவள் கடமை. அக்கடமையைச் செய்ததற்காக அவளை வெளியேற்ற முடியாது.

நம் வட்டாரத்திலும் 2025 நவம்பரில், நாகமங்கலத்தில் ஆலைப் பெண்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் மறைத்து வைத்த கேமரா ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாகத் திரண்டு வெளியே வந்து உட்கார்ந்தனர். பல மாநிலத்துப் பெண்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. காவல்துறை வந்தது, கைது நடந்தது. அவர்களில் ஒருத்தி மட்டும் தனியே போய் வார்டனிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இது நமக்குப் புதிதும் அன்று. இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலருடைய பாட்டனார்கள் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். 1930ஆம் ஆண்டில் அங்கே தொழிலாளர் ஒவ்வொருவரின் விரல் ரேகையையும் எடுத்துப் பதிவு செய்வது என்று நிர்வாகம் முனைந்தது. ‘எங்களைத் திருடர்களாகக் கருதுகிறீர்களா?’ என்ற கொதிப்பில் பல்லாயிரவர் இருபத்தொரு நாள் வேலைக்கு இறங்கவில்லை. கூலிக்காக எழுந்த போராட்டம் அன்று அது, மானத்திற்காக எழுந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழகத்துச் சேரிகளிலிருந்து சென்ற, கையெழுத்தும் அறியாத மக்கள் என்பதை நினைக்கும்போது, பட்டம் பெற்ற நாம் சற்று நாணத்தான் வேண்டும்.

கோபம் இயல்பு. ஆனால் கோபத்தில் கை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அரியானா மாநிலம் மானேசரில் மாருதி கார் ஆலையில் 2012 சூலை 18 அன்று, மேற்பார்வையாளர் ஒருவர் தலித் தொழிலாளி ஒருவரைச் சாதி சொல்லி ஏசினார், எதிர்த்துக் கேட்ட தொழிலாளியையே இடைநீக்கம் செய்தார்கள் என்று சங்கம் கூறியது. தொழிலாளிதான் மேற்பார்வையாளரை அடித்தார் என்று நிர்வாகம் கூறியது. அன்று மாலைக்குள் கலவரம், தீவைப்பு. மனிதவளப் பொது மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். ஏறத்தாழ நூற்றைம்பது பேர் சிறைப்பட்டனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். 2017இல் பதின்மூவருக்கு ஆயுள் தண்டனை. நூற்றுப்பதினேழு பேர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர். அவர்களிலும் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்கள். அந்த முதற் சொல், அந்தச் சாதி வசவு, அது உண்மையில் சொல்லப்பட்டதா என்ற கேள்வியே தீயில் மறைந்துவிட்டது. ஒரு மனித உயிர் போன பிறகு வசவைப் பற்றி யார் விசாரிப்பார்?

கோபத்தை விழுங்கி வீட்டிற்குக் கொண்டுபோவதும் நன்றன்று. மேற்பார்வையாளரிடம் பட்டதை மனைவியிடம் காட்டுபவனையும், டாஸ்மாக் கடையில் கரைப்பவனையும் நான் அறிவேன். நெஞ்சு படபடப்பு, உறக்கமின்மை, ஞாயிறு மாலையானால் வயிற்றுப் புரட்டல் ஆகியவை கோழைத்தனம் அல்ல, உடல் சொல்லும் செய்தி. ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சென்று மனம் திறந்து சொல்லுங்கள். அச்சீட்டும் ஒரு நாள் ஆவணமாகும்.

‘எல்லாம் செய்தும் பயனில்லை என்றால் விட்டுவிடலாமா?’ என்று ஒரு தம்பி கேட்டார். விடலாம். அண்ணல் அம்பேத்கர் அவர்களே விட்டவர்தாம். 1917ஆம் ஆண்டில், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பியவர், கல்வி உதவி பெற்ற கடமைக்காகப் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்றார். அங்கே கீழ்நிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசைமீது தூரத்திலிருந்தே வீசினார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். தங்க இடமின்றிப் பார்சி விடுதியில் தங்கியபோது, தடியோடு ஆட்கள் வந்து வெளியேற்றினர். அவர் பரோடாவை விட்டு அகன்றார். அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்தார். 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். ஆனால் தம்பி, இரவில் முடிவெடுத்து விடியலில் பையைத் தூக்காதே. அடுத்த வேலையைப் பார்த்துக்கொள்; அனுபவச் சான்றிதழும் வைப்புநிதிக் கணக்கும் கையில் வரட்டும்; ஏன் விலகினாய் என்பதை விலகல் கடிதத்தில் நான்கு வரியில் எழுதிவிட்டுப் போ. உனக்குப் பின்னால் அதே லேத்தில் நிற்க வருபவனுக்கு அந்த நான்கு வரி உதவும்.

மற்றொன்று, கசப்பானது. நம்மவர் இப்போது லைன் லீடராகவும் சூப்பர்வைசராகவும் உயர்ந்து வருகின்றனர். அவர்களில் சிலர், தாம் பட்டதை எல்லாம் காண்ட்ராக்ட் தொழிலாளர்மீது திருப்பிக் கொட்டுகின்றனர். ‘எனக்கு யாரும் இரங்கவில்லை, நான் ஏன் இரங்க வேண்டும்?’ என்கிறார்கள். வெளிமாநிலப் பையனை ‘ஏய் பாய்’ என்று அழைக்கும் நம்மவரைக் கண்டால் எனக்கு அந்தப் பழைய மேற்பார்வையாளரின் குரலே கேட்கிறது.

என்னைப் பற்றியும் முடித்துவிடுகிறேன். 1996இல் நான் தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அதற்குப் பின் ஓய்வுபெறும் வரை, பிறருக்காக நடந்த விசாரணைகள் பலவற்றில் அமர்ந்தேன். கேட்டதைக் கேட்டேன் என்று சொன்னேன். அவற்றில் சிலவற்றில் தோற்றோம். ஆனால் 1987க்கு அவை ஈடாகா என்பது எனக்குத் தெரியும்.

அந்த நண்பர் இப்போது ஆனேக்கல் பக்கம் சொந்தமாக இரண்டு லேத் வைத்து நடத்துகிறார். இன்று இதனைப் பேசப் போகிறேன் என்று சென்ற வாரம் அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். “பேசு, அதற்கென்ன?” என்றார். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன், நீ கொடுத்த புகாரையும் நான் சொன்ன விடையையும் மட்டும் சொல்வேன் என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் ஒன்றைச் சரியாகச் சொல். அப்போது தேநீர் நேரம். எந்திரம் ஓடவில்லை” என்றார்.

எந்திரம் ஓடவில்லை.